ஊரே சேர்ந்து வாங்கிய பப்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மூடிப்போன ஒரு பப்பை இங்கிலாந்தில் ஒரு கிராமமே பணம் போட்டு வாங்கித் திறந்தது என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊரில் டாஸ்மாக் கடையை மூடச் சொல்லிப் பெண்கள் நாங்கள் ரோட்டில் உட்கார்ந்தோம். அங்கே மதுக்கடையைத் திறக்கப் போராடுகிறார்களா? அதைப் பாராட்டி வேறு எழுதுகிறீர்களே, இது நியாயமா?
— ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. நீங்கள் ரோட்டில் உட்கார்ந்ததும் சரிதான். ஆனால் அங்கே பப் என்பது வேறு மாதிரி இடம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கம்தான் பப், அதாவது பொது வீடு. நான் வடக்கு இங்கிலாந்தில் சில வருடம் இருந்தேன், குடிப்பழக்கம் கிடையாது, ஆனாலும் வாரத்தில் ஒருநாளாவது எங்கள் தெருக்கோடி பப்புக்குப் போய்விடுவேன். கணப்பில் விறகு எரிந்துகொண்டிருக்கும், அதன் முன்னால் யாருடையதோ ஒரு நாய் படுத்திருக்கும். பாட்டிகள் மதியச் சாப்பாட்டுக்கு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் டீமில் யார் யார் என்று அங்கேதான் முடிவாகும், பூனை காணாமல் போனால் அந்தச் சுவரில்தான் நோட்டீஸ் ஒட்டுவார்கள். ஒரு சாவு விழுந்தால் அடக்கம் முடிந்து துக்கக்காரர்கள் நேரே அங்கே வந்து உட்கார்ந்து, டீயும் சாண்ட்விச்சும் வைத்துக்கொண்டு போனவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

மதுவால் அங்கே குடும்பங்கள் கெடவே இல்லை என்று நான் சொல்லவில்லை, கெட்டிருக்கின்றன. ஆனால் சூப்பர் மார்க்கெட்டில் மலிவாக வாங்கிக்கொண்டு போய் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் குடிப்பவரை யாரும் பார்ப்பதில்லை. பப்பில் குடிப்பவரை ஊர் பார்க்கிறது, போதும் வீட்டுக்குப் போ என்று சொல்லக் கவுண்டருக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார். அந்த ஊர்க்காரர்கள் காப்பாற்ற நினைப்பது நாலு பேர் கூடும் அந்தக் கூடத்தை. பல கிராமங்களில் கடை போய், தபால் நிலையம் போய், பஸ்ஸும் குறைந்துபோய், கடைசியாக மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

கேள்வி: அவ்வளவு நல்ல இடம் என்றால் ஏன் மூடினார்கள்? கூட்டம் வரவில்லையா?
— சிவகாசியிலிருந்து ஓர் ஆசிரியர்

பதில்: கூட்டம் குறைந்தது உண்மை, ஆனால் அதுமட்டும் காரணம் இல்லை. 2000 வாக்கில் பிரிட்டன் முழுக்க 60,000 பப் இருந்தது, இப்போது 45,000 அளவில் நிற்கிறது. ஏன் என்று கேட்டால், 2007 ஜூலையில் இங்கிலாந்தில் வந்த புகைத் தடையைச் சிலர் சொல்வார்கள். சூப்பர் மார்க்கெட் பீர், வரி, கரண்ட் பில், 2020 கொரோனா பூட்டு என்று அடுக்குவார்கள். எல்லாமே உண்மைதான். ஆனால் என்னைக் கேட்டால் வேர் வேறு இடத்தில் இருக்கிறது, அந்தக் கட்டடம் யாருடையது என்பதில்.

ரொம்பக் காலமாகப் பெரிய பீர் ஆலைகள்தான் ஆயிரக்கணக்கில் பப்களை வைத்திருந்தன. பப்பை நடத்துபவர் குத்தகைதாரர், ஆலையின் பீரைத்தான் விற்க வேண்டும். இந்த ஏகபோகத்தை உடைக்கிறோம் என்று 1989-இல் அரசு ஓர் ஆணை போட்டது. 2,000 பப்புக்கு மேல் வைத்திருக்கும் ஆலைகள் அதற்கு மேற்பட்டதில் பாதியை இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்க வேண்டும் அல்லது விற்க வேண்டும் என்று. நோக்கம் நல்லதுதான், பலன் வேறு மாதிரி ஆகிவிட்டது. ஆலைகள் விற்றதை வாங்க பீரே காய்ச்சாத புதுக் கம்பெனிகள் முளைத்தன. கடன் வாங்கி ஆயிரக்கணக்கில் பப்களை வாங்கிக் குவித்து, குத்தகைதாரரிடம் வாடகையும் வாங்கிக்கொண்டு, பீரையும் எங்களிடம்தான் வாங்கணும், நாங்கள் சொல்லும் விலைக்குத்தான் வாங்கணும் என்று கட்டிப்போட்டன. வெளியில் ஒரு பீப்பாய் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று தெரிந்தும் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்கி விற்றால் அந்தக் குடும்பத்துக்கு என்ன மிஞ்சும்? 2008-இல் பொருளாதாரம் சரிந்தபோது கடன் கழுத்தை நெரிக்க, கம்பெனிகள் பப்களைக் கொத்துக் கொத்தாக விற்றன. வாங்கியவர்களில் பலருக்கு பப் நடத்தும் எண்ணமே இல்லை. அழகான கிராமத்தில் பழைய கல் கட்டடம், பின்னால் கார் நிறுத்த இடம், தோட்டம் என்றால் பப்பாக வரும் காசைவிட வீடாக மாற்றி விற்றால் வரும் காசு பல மடங்கு. லாபத்தில் ஓடிய பப்கள்கூட இப்படிப் போயிருக்கின்றன.

நான் இருந்த ஊரில் இதைக் கண்ணால் பார்த்தேன். குத்தகைக்கு எடுத்தவர்கள் கணவன் மனைவி, அவர் சமையல், அந்த அம்மா கவுண்டர். மூன்று வருடத்தில் வாடகையை இரண்டு தடவை ஏற்றினார்கள். ஒரு பிப்ரவரியில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஜன்னல்களுக்குப் பலகை அடித்தார்கள், அப்புறம் ஒரு குடும்பம் வீடாக மாற்றிக் குடிவந்தது, நல்ல மனிதர்கள், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெயர்ப்பலகையை மட்டும் கழற்றியிருந்தார்கள். அதை மாட்டியிருந்த இரும்புக் கை சுவரிலிருந்து தெருப்பக்கம் நீட்டிக்கொண்டே இருந்தது, பலகை தொங்கிய இரண்டு கொக்கிகளோடு. எதிர்வீட்டுப் பெரியவர் மனைவியை இழந்தவர், தினமும் ஆறு மணிக்கு நாயைக் கூட்டிக்கொண்டு பப்புக்குப் போவார். பப் மூடின பிறகும் நாய் அந்த வாசல்வரை இழுத்துக்கொண்டு போய் நிற்கும். அவர் அதைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வருவார். எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்தது அந்த வாசலில்தான்.

கேள்வி: ஒரு கிராமம் எப்படிச் சேர்ந்து வாங்க முடியும்? சட்டத்தில் இடம் இருக்கிறதா? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.
— தஞ்சாவூரிலிருந்து ஓய்வுபெற்ற கூட்டுறவுத் துறை ஊழியர்

பதில்: கூட்டுறவுக்காரர் கேட்கிறீர்கள், விவரமாகவே சொல்கிறேன். ஹட்ஸ்வெல் என்ற ஊரை எடுத்துக்கொள்வோம். வடக்கு யார்க்ஷயரில் ரிச்மண்ட் நகரத்துக்குப் பக்கத்தில் ஸ்வேல் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே இருக்கிறது, சில நூறு பேர்தான் மொத்த ஊரும். அங்கே இருந்த ஒரே பப் ஜார்ஜ் அண்ட் டிராகன், 2008-இல் மூடிவிட்டது. ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, ஒரு சங்கத்தைப் பதிவு செய்து பங்கு விற்றார்கள். உள்ளூர்க்காரர், அந்த ஊரிலிருந்து வெளியே போனவர், அந்தப் பக்கம் நடக்க வந்து பிடித்துப்போனவர் என்று பலரும் போட்டதில் இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. கட்டடத்தை வாங்கிப் பழுதுபார்த்து 2010-இல் திறந்துவிட்டார்கள்.

திறந்ததோடு விடவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. ஊரில் கடை இல்லை, சரி, பப்புக்குள்ளேயே ஒரு சின்ன மளிகைக் கடை வைத்தார்கள், தன்னார்வலர்கள் முறை வைத்து அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு சின்ன நூலகம். பின்னால் கிடந்த நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, வேண்டியவர்கள் காய்கறி போட்டுக்கொள்ளக் கொடுத்தார்கள். நான் போனபோது ஒரு பெண்மணி பால் வாங்க வந்தவர், எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் கூரை ஓட்டைப் பற்றி விசாரித்துவிட்டு, புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒன்றும் குடிக்காமல் போனார். முழுசாகக் கால் மணி நேரம் இருந்திருப்பார். 2016-க்கான நாட்டின் சிறந்த பப் என்ற விருதை கேம்ரா இந்த ஊருக்குத்தான் கொடுத்தது. கேம்ரா என்பது 1971-இல் தொடங்கிய, பீப்பாயிலேயே பதமாகும் அசல் பீரைக் காப்பாற்றப் போராடும் நுகர்வோர் இயக்கம். நாடு முழுக்க இருக்கும் அத்தனை பப்பில் இரண்டே வருடம் பூட்டிக் கிடந்த ஒரு சின்ன ஊர்ப் பப் முதலிடம் வாங்கியது என்றால் சும்மாவா!

சட்டம் என்று பார்த்தால் 2011-இல் வந்த உள்ளாட்சிச் சட்டம் ஒன்று முக்கியம். ஊர்க்காரர்கள் 21 பேர் சேர்ந்தோ, நம் ஊராட்சி மாதிரியான பாரிஷ் கவுன்சிலோ, இந்த இடம் ஊருக்கு மதிப்புள்ள சொத்து என்று உள்ளாட்சி மன்றத்தில் விண்ணப்பிக்கலாம். பட்டியலில் சேர்ந்துவிட்டால் 5 வருடத்துக்கு அது நிற்கும். அதற்குள் உரிமையாளர் விற்க நினைத்தால் முதலில் மன்றத்திடம் சொல்ல வேண்டும், நாங்கள் வாங்கப் பார்க்கிறோம் என்று ஊர் ஆறு வாரத்துக்குள் கை தூக்கினால் மொத்தம் ஆறு மாதம் விற்பனையை நிறுத்திவைக்க வேண்டும். ஆனால் ஆறு மாதம் கழித்து ஊருக்குத்தான் விற்கணும் என்று கட்டாயம் இல்லை. அவர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம். ஸ்காட்லாந்தில் 2003 நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி பதிவு செய்துவைத்த ஊருக்கு முதலில் வாங்கும் உரிமையே உண்டு, அது இங்கிலாந்துக்கும் வந்தால்தான் சரியாக இருக்கும் என்பது என் எண்ணம். 2017-இல் வந்த ஒரு மாற்றம் உதவியது, அதற்குப்பின் இங்கிலாந்தில் பப்பை இடிக்கவோ வேறு கடையாக மாற்றவோ திட்ட அனுமதி இல்லாமல் முடியாது.

உங்கள் துறைக்குப் பழகிய விஷயம் ஒன்று: இந்தச் சங்கங்களில் பெரும்பாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். பத்தாயிரம் பவுண்ட் போட்டவருக்கும் ஒன்று, சில நூறு போட்டவருக்கும் ஒன்று. அதனால் பணக்காரர் ஒருவர் பங்கையெல்லாம் வளைத்துக்கொண்டு கட்டடத்தை விற்றுவிட முடியாது.

கேள்வி: பால் சங்கத்திலேயே ஆயிரம் சண்டை. ஊரே முதலாளி என்றால் பப்பை யார் நடத்துவது?
— நாமக்கல் வாசகர்

பதில்: நல்ல கேள்வி. பெரும்பாலும் சுவரும் கூரையும்தான் சங்கத்துடையது, வியாபாரத்தை நியாயமான வாடகைக்கு ஒரு குத்தகைதாரரிடம் விட்டுவிடுவார்கள். எந்த பீர், என்ன சாப்பாடு என்பது அவர் பாடு. இன்னும் சில ஊர்களில் சங்கமே சம்பளத்துக்கு மேனேஜர் வைத்து நடத்துகிறது. கமிட்டிக்காரர்கள் தினமும் கவுண்டருக்கு வந்து உருளைக்கிழங்கு ஏன் இப்படி வெட்டினாய் என்று கேட்க ஆரம்பித்தால் எந்த ஆளும் நிற்கமாட்டார், அதுவும் நடந்திருக்கிறது.

கம்பிரியாவில் மலையடிவாரத்து ஊர் ஒன்று ஹெஸ்கெட் நியூமார்க்கெட். அங்கே ஓல்ட் கிரவுன் பப்பை 2003-இல் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆளுக்கு 1,500 பவுண்ட் போட்டு வாங்கினார்கள். அதற்கு முன்னாலேயே, 1999-இல், பப்புக்குப் பின்னால் களஞ்சியத்தில் ஓடிய சின்ன பீர் ஆலையைக் கூட்டுறவாக மாற்றியிருந்தார்கள், அந்தப் பழக்கம் கைகொடுத்தது. சுற்றியுள்ள மலைகளின் பெயரைத்தான் பீருக்கு வைப்பார்கள். பப்பை நடத்துவது குத்தகைதாரர், முதலாளி ஊர். கூட்டுறவு பப்களுக்கு முன்னோடி என்று பலரும் இதைத்தான் சொல்வார்கள், ஆனால் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் பிரெஸ்டன் என்ற கிராமம் தன் ரெட் லயன் பப்பை 1980-களின் ஆரம்பத்திலேயே ஒரு பெரிய ஆலையிடமிருந்து வாங்கிவிட்டது. இன்றைக்கு ஊருக்குச் சொந்தமான பப் பிரிட்டனில் 150-க்கும் மேல்.

கேள்வி: வேல்ஸில் மொழியைக் காப்பாற்ற பப் வாங்கினார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். கதையா, நிஜமா?
— யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: நிஜம். வடமேற்கு வேல்ஸில் லின் தீபகற்பத்தில் லித்வைன் என்று ஒரு ஊர், கருங்கல் குவாரி வேலையை நம்பி வளர்ந்தது. அங்குள்ள விக்டோரியா பப்பை 1988-இல் ஊர்க்காரர்கள் கையில் எடுத்தார்கள், டஃபார்ன் அ விக் என்று செல்லமாகச் சொல்வார்கள். அந்தப் பக்கம் வெல்ஷ் பேசுகிறவர்கள் நிறைய, ஆனால் அழகான கடற்கரை என்பதால் வெளியார் விடுமுறை வீடு வாங்கிப் போட்டுப் போட்டு விலை ஏறி, உள்ளூர்ப் பிள்ளைகள் வெளியேற வேண்டியதாகிவிட்டது. வீட்டிலும் பள்ளியிலும் மட்டும் பேசினால் ஒரு மொழி எத்தனை நாள் நிற்கும்? பீர் கேட்கவும் பாட்டுப் பாடவும் திட்டிக்கொள்ளவும் ஒரு இடம் வேண்டுமே. மலையிலிருந்து கடற்கரைக்கு இறங்கினால் பழைய குவாரித் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று, நான்ட் கூர்த்தேர்ன், ஆள் இல்லாமல் கைவிடப்பட்டுக் கிடந்தது. அதை வெல்ஷ் மொழி கற்பிக்கும் மையமாக மாற்றியிருக்கிறார்கள். படிக்க அங்கே, பேசிப் பழக மேலே பப் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கேள்வி: லண்டன் ஹாரோ பகுதியிலிருந்து கணவர் வேலைக்காக ஒரு கிராமத்துக்கு மாறிவிட்டோம். பப் வாசலைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே போகலாமா என்று தயக்கம். நாங்கள் குடிப்பதில்லை, இரண்டு பிள்ளைகள் வேறு. எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களோ?
— இங்கிலாந்திலிருந்து ஒரு வாசகி

பதில்: பார்ப்பார்கள் தங்கச்சி, புதிதாக யார் வந்தாலும் ஒரு நொடி பார்ப்பார்கள், அப்புறம் பேச ஆரம்பித்துவிடுவார்கள். முதல் தடவை ஞாயிறு மதியம் போங்கள், அது குடும்பங்கள் வரும் நேரம், ஆனால் மேஜைக்கு முன்பே சொல்லிவையுங்கள். பிள்ளைகள் உங்களோடு தாராளமாக வரலாம். உட்கார்ந்தால் யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம், நாமேதான் கவுண்டருக்குப் போக வேண்டும். நான் தெரியாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே வரிசை கிடையாது, ஆனால் யாருக்கு அடுத்து யார் என்று கவுண்டர்க்காரருக்கும் தெரியும், நிற்பவர்களுக்கும் தெரியும், முந்தினால் மட்டும் முகம் சுளிப்பார்கள். லைம் சோடா கேளுங்கள், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பக்கத்து மேஜைக்காரர் உங்களுக்கும் சேர்த்து வாங்கிவந்தால் அடுத்த முறை நீங்கள் வாங்க வேண்டும், அதற்கு ரவுண்ட் என்று பெயர், அது மட்டும் மறக்கக்கூடாது. வினாடி வினா நடக்கும் இரவு இருந்தால் கணவரையும் ஒரு அணியில் சேர்த்துவிடுங்கள், ஒரு மாதத்தில் பாதி ஊர் பழகிவிடும்.

கேள்வி: எல்லா ஊரும் ஜெயித்துவிடுமா? தோற்ற கதையையும் சொல்லுங்கள்.
— மதுரை வாசகர்

பதில்: ஜெயிப்பதில்லை. பணமே சேராமல் கைவிட்ட ஊர்கள் உண்டு, ஆறு மாதம் போதாமல் போனவை உண்டு, உரிமையாளர் கேட்ட விலைக்கு ஊரால் எட்டவே முடியாதவை உண்டு. வாங்கிய பிறகும் கஷ்டம்தான். பழைய கட்டடம், கூரை ஒழுகும், நிலவறையில் ஈரம் ஏறும், குளிரூட்டி போய்விட்டால் பீப்பாயெல்லாம் பாழ். 2021-இல் அரசு 150 மில்லியன் பவுண்டில் ஊர்களுக்கு உதவ ஒரு நிதி அறிவித்தது, பல பப்கள் அதனால் பிழைத்தன, 2024 டிசம்பரில் அதை மூடிவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. சொந்தக் காசு போடத் தயாராக இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் நிற்பதைவிட அந்தப் பணத்துக்கு என்ன நல்ல செலவு இருக்க முடியும்?

ஆனால் ஒரு தடவை திறந்துவிட்டால் இந்த ஊர்ப் பப்கள் லேசில் மூடுவதில்லை. பிளங்கெட் என்ற அமைப்பு, 1919-இல் தொடங்கியது, கிராமக் கூட்டுறவுகளுக்கு வழிகாட்டுகிறது, அவர்கள் கணக்கெடுப்புகளில் இப்படிப்பட்ட பப்கள் தாக்குப்பிடிக்கும் விகிதம் மிக அதிகம். காரணம் புரிந்துகொள்ள முடிகிறது. வாடகையை ஏற்றி விரட்ட ஒரு முதலாளி இல்லை, பங்குபோட்டவர் தன் பப்பில்தான் போய்ச் சாப்பிடுவார், பெயிண்ட் அடிக்கணும் என்றால் சனிக்கிழமை பத்துப் பேர் பிரஷ்ஷோடு வந்து நிற்பார்கள். டெர்பிஷயரில் பாம்ஃபோர்ட் என்ற ஊர் 2013-இல் ஆங்லர்ஸ் ரெஸ்ட் என்ற பப்பை வாங்கி, ஒரே கூரைக்குள் பப், காபிக் கடை, தபால் நிலையம் மூன்றையும் வைத்தது. பென்ஷன் விஷயமாகத் தபால் நிலையம் வந்தவர் ஒரு காபி குடித்துவிட்டுத்தானே போவார், பீர் விற்காத காலை நேரத்திலும் விளக்கு எரியும்.

கேள்வி: இந்த ரெட் லயன், கிரவுன் என்ற பெயரெல்லாம் ஏன் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி?
— திருநெல்வேலிக் கல்லூரி மாணவி

பதில்: எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் படம் பார்த்துத்தான் அடையாளம். கிரவுன் ராஜ விசுவாசம், சிவப்புச் சிங்கம் பெரிய பிரபுக் குடும்பங்களின் சின்னத்திலிருந்து வந்தது. ஏல் என்ற பீர் வகையை விற்பவர் வாசலில் பலகை தொங்கவிட வேண்டும் என்று 14-ஆம் நூற்றாண்டிலேயே அரசர் இரண்டாம் ரிச்சர்ட் காலத்தில் சட்டம் இருந்தது.

கேள்வி: அடுத்த ஜூனில் மகளைப் பார்க்க லீட்ஸ் போகிறோம். ஹட்ஸ்வெல் போக முடியுமா?
— சேலம் தம்பதி

பதில்: தாராளமாகப் போகலாம், ஆனால் கார் இருந்தால் நல்லது. ரிச்மண்ட் கோட்டையைக் காலையில் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு ஹட்ஸ்வெல் வைத்துக்கொள்ளுங்கள். ரிச்மண்டிலிருந்து ஆற்றோரக் காட்டுவழியே நடந்தும் வரலாம், கடைசியில் படி ஏறணும், முழங்கால் வலி இருந்தால் வேண்டாம். பப்புக்குப் பின்னால் திறந்த முற்றம் இருக்கிறது, அங்கே இடம் பிடியுங்கள், ஸ்வேல் பள்ளத்தாக்கு முழுசாகத் தெரியும். கிராமத்துப் பப்கள் எல்லா நாளும் திறந்திருக்காது, மதியம் சமையலறை சீக்கிரம் மூடிவிடும், அதனால் மகளை விட்டு முந்தின நாள் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். சைவம் என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது.